எண்ணெய்க்கு அடியில் எழுத்து

பிளாஸ்டிக் வாளி ஒன்று. அதற்குள் தேங்காய் நார் இரண்டு உருண்டை, பல் தேய்க்கும் பிரஷ் நாலைந்து, சீயக்காய்ப் பொட்டலம், கிழித்துத் துவைத்த வேட்டித் துணி, டார்ச் லைட், அளவு நாடா. வாளியோடு சேர்த்துக் கட்டிய பி.வி.சி. குழாய்க்குள் தடித்த வெள்ளைத் தாள்கள் சுருண்டு கிடக்கின்றன. செங்கத்திலிருந்து சாத்தனூர் அணைப் பக்கம் போகும் வழியில், ஒரு தேநீர்க் கடை வாசலில், ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வாளியைச் சுற்றி ஆறேழு பேர் நிற்கிறார்கள். இந்த வட்டாரத்தின் வரலாற்றுக் குழு இது.

நான் அவர்களோடு போகிறவன். கல்லெழுத்துப் படிக்க எனக்குத் தெரியாது. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பேன். யாராவது கேட்டால் தண்ணீர் எடுத்து வருவேன்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். எல்லோருக்கும் அவர் ‘ஐயா’. இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர். மற்றவர்களுக்கு ஞாயிறு ஓய்வு நாள், அவருக்கோ வேலை குவிகிற நாள், அதை விட்டுவிட்டு வருகிறார். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்த கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர். எந்த மரத்தடியில் எந்தக் கல் நிற்கிறது என்பது குழுவில் அவருக்குத்தான் அதிகம் தெரியும். ரேஷன் கடையில் எடை போடுகிறவர் ஒருவர். வரிசையில் நிற்கும் கிழவிகள் அவரிடம்தான், “எங்க கொல்லியாண்ட ஒரு பொம்மக் கல்லு கீதுப்பா” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதுகலை வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம் என்று 1975-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இவர்களும் பதிவு செய்திருக்கிறார்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. பதிவேடும், கல்லெழுத்தைத் தாளில் ஒத்தி எடுத்த மைப்படிகளும் ஐயா வீட்டு மர அலமாரியில் இருக்கின்றன. அந்த அலமாரியில் கரையான் ஏறாமல் பார்த்துக்கொள்வது அவருடைய மனைவியின் பொறுப்பு.

இவர்கள் தேடுகிற கற்களுக்கு நீண்ட பின்னணி உண்டு. சங்கப் பாட்டான மலைபடுகடாம் புகழ்ந்து பாடும் நன்னனின் ஊர் இந்தச் செங்கம்தான். அந்தப் பாட்டில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு; நவிரமலை இன்றைய பர்வதமலை. பரிசில் வாங்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்லும் அந்தப் புலவர், போகிற பாதையில் வீரர்களின் பெயரோடு நட்ட கற்களைக் காண்பீர்கள் என்கிறார். அது புலவரின் கற்பனை அல்ல என்பதற்குச் சான்றும் கிடைத்துவிட்டது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் வெளிப்பட்டன. அவற்றில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோள் பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மாண்ட ஒருவனுக்கு எடுத்த கல்.

செங்கம் பக்கத்துக் கற்கள் அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவை. 1961-இல் தொடங்கப்பட்ட மாநிலத் தொல்லியல் துறை இந்த வட்டாரத்தை ஊர் ஊராக அலசியது. 1972-இல் இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ வெளிவந்தது. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்து ஆட்சியாண்டுகளைச் சொல்லும் கற்கள் அதில் இருக்கின்றன. ஆண்ட மன்னன் பல்லவன். ஆனால் கல்லில் இருப்பது வட்டெழுத்து. மாடு பிடிக்க வந்தவர்களோடு மோதிச் செத்தவர்கள், ஊர் அழிந்தபோது செத்தவர்கள் என்று அரண்மனைக் கல்வெட்டு எதிலும் இடம்பெறாத மனிதர்களின் பெயர்கள் அந்தக் கற்களில்தான் இருக்கின்றன. பெருங்கோயில் கல்வெட்டுகளில் யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எத்தனை ஆடு விட்டார் என்று இருக்கும். நடுகல்லில் ஒரு மனிதன் எப்படிச் செத்தான் என்று இருக்கும். எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது.

அந்த நூலோடு வேலை முடிந்துவிடவில்லை. மரத்தடிகளிலும் வரப்போரங்களிலும் ஏரிக்கரைகளிலும் இன்னும் கற்கள் இருக்கின்றன. அவை காணாமல் கிடப்பவை அல்ல. ஊர்க்காரர்கள் அவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்து, ஆடியிலும் பொங்கலிலும் பொங்கலிட்டு, நேர்ந்துகொண்ட மணிகளை மரக்கிளையில் கட்டிக் கும்பிட்டு வருகிறார்கள். திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி என்று மூன்று மாவட்டங்களிலும் வேடியப்பன் கோயில் என்று யாராவது சொன்னால், குழுவினர் அங்கே ஒரு நடுகல் இருக்கும் என்றுதான் முதலில் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அந்த எண்ணம் சரியாகவே இருக்கிறது.

இன்று போகிற ஊரிலும் ஒரு வேடியப்பன். புங்கமர நிழல், மூன்று பக்கம் ஆளுயரச் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். உள்ளே மார்பளவு உயரப் பலகைக்கல். எத்தனை தலைமுறை ஊற்றிய எண்ணெயோ, கல் முழுவதும் கருத்து, பிசுக்கு ஏறி, மஞ்சளும் குங்குமமும் அதன்மேல் அடை அடையாக ஒட்டியிருக்கின்றன. முகம் இருக்குமிடத்தில் இரண்டு வெள்ளிக் கண்கள். இடுப்பில் சிவப்புத் துண்டு.

வண்டியிலிருந்து இறங்கியதும் யாரும் கல்லுக்குப் பக்கத்தில் போகவில்லை. வாளியை மரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். ஐயா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பூசாரி வந்தார். எழுபதை ஒட்டிய வயது, மெலிந்த உடம்பு. அவருக்குப் பின்னால் ஒரு கிழவி, நாலைந்து சிறுவர்கள், கைபேசியில் படம் எடுத்தபடி ஓர் இளைஞன்.

கிழவிதான் முதலில் கேட்டாள். “கல்ல எடுத்துக்கினு போயிடுவீங்களாப்பா?”

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. அதில் நியாயம் இருக்கிறது. சாமி சிலைகள் களவு போன கதை கேட்காத கிராமம் இந்தப் பக்கத்தில் இல்லை. கார்களில் வந்து படம் எடுத்து, அளந்துகொண்டு போனவர்களில் யார் என்ன நோக்கத்தோடு வந்தார்கள் என்று ஊருக்கு எப்படித் தெரியும்?

“எடுக்க மாட்டோம் ஆயா. எழுத்து இருந்தா தாள்ல ஒத்தி எடுத்துக்குவோம். கல்லு இங்கதான் இருக்கும்” என்றார் செவிலியர். அந்தக் கிழவியின் பேரனுக்கு அம்மை ஊசி போட்டவர் அவர். கிழவி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். அனுமதி கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போது புரிந்தது.

அதன்பிறகு நெடுநேரம் ஐயா கதைதான் கேட்டார். பூசாரியின் பாட்டன் காலத்தில் வேடியப்பன் கனவில் வந்து மழை சொன்னது. ஏரி உடைந்த வருடம் தண்ணீர் இந்த மரத்தடி வரை வந்து நின்றது. வேடியப்பன் வேட்டைக்காரன், வில்லோடு திரிந்தவன், மாட்டைத் திருட வந்தவர்களைத் துரத்திப் போய்ச் செத்தவன் என்று பூசாரி சொன்னபோது மாணவி சட்டென்று நிமிர்ந்து ஐயாவைப் பார்த்தாள். ஐயா கையை லேசாக அசைத்தார். குறுக்கே பேசாதே என்று அர்த்தம். எழுத்தைப் படிக்காமலே, பதின்மூன்று பதினான்கு நூற்றாண்டுகளாக ஒரு செய்தியின் எலும்பை இந்த ஊர் வாய்வழியாகக் காப்பாற்றி வந்திருக்கக்கூடும். அல்லது பக்கத்து ஊர்க் கதை இங்கே வந்து ஒட்டியிருக்கவும்கூடும். இரண்டில் எது என்று கல்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பார்த்தாலும் சொல்லிவிட முடியாமல் போகலாம். மாணவி கதையை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள், பூசாரியின் சொற்களிலேயே.

பூசாரி சூடம் காட்டி, சாமியிடம் உத்தரவு கேட்டு, துண்டையும் வெள்ளிக் கண்களையும் தன் கையால் எடுத்தார். வேலை தொடங்கியது.

சீயக்காயை வெந்நீரில் குழைத்துப் பூசி ஊறவிட்டார்கள். கம்பி பிரஷ் இந்தக் குழுவுக்கு ஆகாது. உளிபட்ட இடத்தின் ஓரம் மழுங்கினால் பிறகு எந்த அறிஞர் வந்தாலும் படிக்க முடியாது. நாராலும் பல் தேய்க்கும் பிரஷாலும்தான் தேய்க்க வேண்டும். பட்டறைக்காரர் அதில் கெட்டிக்காரர். என்ஜின் பாகங்களிலிருந்து கிரீஸ் எடுத்துப் பழகிய விரல்கள். எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவற்றுக்குத் தெரிகிறது. கறுப்புத் தண்ணீர் ஓடிக் கல்லின் காலடியில் தேங்கியது. ஊற்ற ஊற்ற மறுபடியும் கறுப்பாகவே வந்தது. நான் ஊர்க் குழாய்க்கும் மரத்தடிக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

முதலில் தெரிந்தது கொண்டை. ஒரு பக்கமாகச் சாய்த்து முடிந்த கொண்டை. பிறகு இடது கையில் வில்லின் வளைவு. வலது கையில் குறுவாள். இடுப்புக் கச்சை. காலடியில் ஓரமாக மூக்கு வைத்த சிறிய பாத்திரம் ஒன்று, பக்கத்தில் சிமிழ் ஒன்று. “கெண்டியும் சிமிழும்” என்றாள் மாணவி. இந்தப் பக்கத்து நடுகற்களில் பலமுறை வருகிற பொருள்கள் இவை. வீரன் மறுவுலகில் குடிக்கவும் பூசிக்கொள்ளவும் வைத்த படையல் என்று ஒரு விளக்கம் உண்டு. விளக்கம் எதுவானாலும், சண்டையில் செத்தவனின் காலடியில் கள்ளுக் கெண்டியைச் செதுக்கிய அந்தச் சிற்பியின் கனிவை என்னால் கடந்துபோக முடியவில்லை.

தொடையில் ஒரு கோடு சாய்வாக ஏறியிருந்தது. கல்லின் வெடிப்பு என்று நினைத்தேன். பட்டறைக்காரர் துணியால் துடைத்தார். கோட்டின் பின்முனையில் சிறகு. அம்பு. தைத்த அம்பை அப்படியே காட்டியிருக்கிறார்கள்.

கூட்டம் பெருகிவிட்டது. இவ்வளவு நாள் தாங்கள் கும்பிட்ட சாமிக்கு ஒரு தொடை இருக்கிறது, அந்தத் தொடையில் அம்பு ஏறியிருக்கிறது என்று பார்த்ததும் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ சாமி” என்றாள். யாருக்கோ நேற்று நடந்ததைக் கேட்டது போல இருந்தது அந்தக் குரல்.

தலைக்கு மேலே எழுத்து.

கைபேசி வைத்திருந்த இளைஞன், “கோலமாவு பூசினா நல்லாத் தெரியும் சார், யூடியூப்ல பாத்தேன்” என்றான். ஐயா வேண்டாம் என்றார். மாவு பூசும் கை, தான் படிக்க நினைத்த எழுத்தையே கல்லில் வரைந்துவிடும். தேய்ந்த பள்ளத்தையும் இயல்பான புள்ளியையும் மாவு ஒன்றாக்கிவிடும். அதற்குப் பதில் துண்டை விரித்து வெயிலை மறைத்து, டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் வைத்துச் சாய்வாக ஒளி பாய்ச்சினார்கள். கல் எழும்பியது. வட்டெழுத்தின் வளைவுகள் நிழல் கட்டி நின்றன.

பிறகு தாள். தண்ணீரில் நனைத்த தாளை நாலு முனையிலும் பிடித்துக் கல்மேல் படியவிட்டார்கள். காற்றுக் குமிழி இல்லாமல் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றினார்கள். அடர்ந்த மயிர் வைத்த பிரஷால் சீராகத் தட்டத் தட்ட, நனைந்த தாள் எழுத்துப் பள்ளங்களுக்குள் இறங்கியது. ஓரிடத்தில் கிழிந்தது, துண்டுத் தாள் வைத்து ஒட்டினார்கள். அரை ஈரம் காயும்வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் மை வைத்தால் ஊறிவிடும், பிறகு வைத்தால் தாள் கல்லைவிட்டு எழும்பிவிடும். எப்போது என்று சொல்ல எந்தக் கருவியும் இல்லை. புறங்கையைத் தாளருகே வைத்துப் பார்த்துச் சொல்வார் ரேஷன் கடைக்காரர். அவர் கைக்குத்தான் அந்தப் பக்குவம்.

காத்திருந்த நேரத்தில் ஐயா பிள்ளைகளை அருகே கூப்பிட்டு ஒரு கதை சொன்னார். இதே திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு நடுகல். மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில் எடுத்தது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய்ச் செத்தான். கல்லில் அவன் மட்டும் இல்லை. அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. அந்த நாய்க்குப் பெயர் கோவிவன். கள்ளரைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

“நாய்க்கா?” என்றான் ஒரு பையன்.

“நாய்க்குத்தான்.”

“பேரு போட்டா?”

“பேரு போட்டு.”

விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவல் ஒன்றுக்குக் கல் இருப்பதையும், இந்தளூரில் இன்னொரு சேவலுக்கு இருப்பதையும் சொன்னார். பையன்கள் ஆளுக்கொரு நாயின் பெயரைச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். மன்னர்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னால் தூங்கிவிழுகிற வயது. அதே பல்லவன் பெயர் ஒரு நாயின் வழியாக வந்ததும் அவர்களுக்கு நின்றுவிட்டது. “அந்த ராஜா பேரு இன்னா சார் சொன்னீங்க?” என்று அவர்களே கேட்டார்கள். ஐயா நாற்பது வருடம் வகுப்பில் செய்த வேலையைத்தான் மரத்தடியில் தொடர்கிறார் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வகுப்பில் அவர் பாடப்புத்தகத்தோடு போனார். இங்கே அந்தப் பையன்களின் சாமியோடு வந்திருக்கிறார்.

ரேஷன் கடைக்காரர் புறங்கையை வைத்துப் பார்த்துத் தலையாட்டினார். தட்டில் பரப்பிய கறுப்பு மையில் துணி சுற்றிய பஞ்சுப் பொதியைத் தொட்டுத் தொட்டு ஒற்றினார்கள். மேடான இடமெல்லாம் கறுக்க, பள்ளத்தில் இறங்கிய எழுத்து வெள்ளையாகவே நின்றது. வரிசை வரிசையாக. கூட்டத்தில் ஒருவரும் பேசவில்லை.

மாணவி படித்தாள். “கோவிசைய…” அடுத்து கல் பொரிந்திருந்தது. பொரிவுக்குப் பிறகு “…பருமற்கு”. பிறகு ஆண்டு; எண் தேய்ந்து “ஆவது” மட்டும் நின்றது. மூன்றாம் வரியில் “தொறு” தெளிவாக இருந்தது. தொறு என்றால் மாட்டு மந்தை. கடைசியில் “பட்டான் கல்”. நடுவில் ஆள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அடை அளவுக்குக் கல் உரிந்துபோயிருந்தது.

“ஐயா, இது மயிந்திர பருமற்குதான். இந்தக் கொக்கிய பாருங்க.”

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நெடுநேரம் பார்த்தார். “அந்தக் கொக்கி எழுத்தா, பொரிவோட ஓரமா?”

“எழுத்துன்னுதான் தோணுது.”

“தோணுறத உன் நோட்டுல எழுதிக்கோ. பாடத்துல புள்ளி வை.”

மாணவியின் முகம் வாடியது. மகேந்திரவர்மன் காலத்து நடுகல் என்றால் செய்தித்தாளில் பெரிய தலைப்பாக வரும். ‘ஒரு பல்லவ மன்னன் காலத்துக் கல்’ என்றால் உள்பக்கத்தில் நாலு வரி வரும். சிம்மவிஷ்ணுவா, மகேந்திரனா, நரசிம்மனா என்று கல் சொல்லவில்லை. சொல்லாததைச் சொன்னதாக எழுத ஐயா விடமாட்டார். இந்த ஒரு பிடிவாதத்துக்காகவே அவர் பின்னால் நடக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆர்வத்தில் வருடங்களை முன்னே தள்ளிவிடுவதும், எங்கள் ஊர்தான் மூத்தது என்று ஊருக்கு ஊர் சொல்லிக்கொள்வதும் பெருகிவிட்ட காலம் இது. புள்ளி வைக்கிற கை அரிதாகிவிட்டது.

மைப்படியை உரித்து மரக்கிளைகளுக்கிடையே கட்டிய கயிற்றில் காயப்போட்டார்கள். இனி இது போக வேண்டிய இடங்கள் உண்டு. மாவட்டத் தொல்லியல் அலுவலருக்குத் தகவல், கிராம நிர்வாக அலுவலருக்கு ஒரு கடிதம், கல்லின் அளவு, இருப்பிடம், படங்கள். வாசகம் உறுதியானதும் தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் ‘ஆவணம்’ இதழுக்கு அனுப்புவார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியரின் கட்டுரையும் பள்ளி ஆசிரியர் கண்ட கல்வெட்டும் அந்த இதழில் அடுத்தடுத்து வரும். தமிழ்நாட்டின் கல்வெட்டுப் படிப்பு எத்தனையோ பெயர் தெரியாத ஞாயிற்றுக்கிழமைகளின்மேல் நிற்கிறது. ஆனால் துறைசார்ந்த நூல்களின் முன்னுரையில் இந்தச் சிறிய குழுக்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அபூர்வம். இது எனக்கு வருத்தம்.

செய்திக்குறிப்பை மரத்தடியிலேயே எழுதினார்கள். மாணவி முதலில் குழுவின் பெயரைப் போட்டிருந்தாள். ஐயா அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, ஊர்ப் பெயரையும், கல்லைக் காட்டி அனுமதி கொடுத்த பூசாரியின் பெயரையும் முதல் வரியில் எழுதச் சொன்னார்.

எல்லா ஊரிலும் இப்படி முடிவதில்லை. போகும் வழியில் ஒரு சிறுபாலத்தைக் காட்டினார்கள். சாலையை அகலப்படுத்தியபோது ஓரத்தில் நின்ற கல்லை ஜே.சி.பி. தூக்கி அடியில் போட்டு மூடிவிட்டதாம். செவிலியருக்குத் தெரியும், அங்கே ஒரு கல் நின்றது என்று. சொல்வதற்குள் கான்கிரீட் விழுந்துவிட்டது. அந்த இடத்தைக் கடக்கும்போது அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார். திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டுச் சுவர்மேல் டைல்ஸ் ஒட்டுவதையும், எனாமல் பெயிண்ட் அடிப்பதையும் தடுக்க இவர்கள் எழுதிய மனுக்கள் பதிவேட்டில் தனிப் பகுதியாக இருக்கின்றன. சிலவற்றுக்குப் பலன் கிடைத்திருக்கிறது.

கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோவதுதானே பாதுகாப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வெயிலும் மழையும் படாமல் இருக்கும், உண்மைதான். கேட்பாரற்று வயலில் விழுந்து கிடக்கும் கல்லுக்கு அதுவே வழி. கும்பிடுகிற கல் வேறு. இந்த மரத்தடியில் இவ்வளவு காலம் இதை யாரும் உடைக்காமல், விற்காமல், வீட்டுப் படிக்கல்லாக்காமல் விட்டதற்கு ஒரே காரணம், இது அவர்களுக்குச் சாமி என்பதுதான். எழுத்தை மறைத்த எண்ணெய்தான் கல்லையும் காத்தது. இந்த உண்மையை ஒத்துக்கொண்டு வேலை செய்கிற குழுவாக இருப்பதால்தான், இவர்களுக்கு ஊரில் உட்காரப் பாய் கிடைக்கிறது.

மத்தியானம் பூசாரி வீட்டில் சோறு. சாப்பிட்டதும் அறிவிப்புப் பலகை பற்றிய பேச்சு வந்தது. பலகைச் செலவைப் பட்டறைக்காரர் ஏற்றுக்கொண்டார். என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல்.

“பல்லவர் கால நடுகல்” என்று தொடங்கலாம் என்றாள் மாணவி.

பூசாரிக்குப் பிடிக்கவில்லை. “நடுகல்லுன்னா செத்தவன் கல்லுதானே? நாங்க இன்னா செத்தவனயா கும்பிடறோம்?”

ஐயா பதில் சொல்லவில்லை. பூசாரியின் மகன் பேசினான். கைபேசியோடு காலையில் நின்றவன் அவன்தான். “ஆமா நைனா. நம்ம மாட்டக் காப்பாத்தச் செத்தவன். அதுக்குத்தான் சாமி ஆனாரு. நீயே காலைல சொன்னியே.”

பூசாரி கொஞ்ச நேரம் திண்ணையில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். பிறகு, வேடியப்பன் என்று பெரிய எழுத்தில் மேலே இருக்க வேண்டும், மற்றது கீழே எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். பெயர் அழிந்துவிட்டது என்று எழுதலாமா என்று கேட்டாள் மாணவி. “எழுது. எங்க வூட்டு ஆம்பளைங்க பேரு எத்தினி அழிஞ்சிருக்குது” என்றாள் கிழவி. எண்ணெய் ஊற்றுவதைப் பற்றியும் ஓர் ஒப்பந்தம் ஆனது. உருவத்துக்கு விளக்கெண்ணெய் தொட்டு வைக்கலாம். தலைக்கு மேலே எழுத்திருக்கும் பகுதியில் ஊற்றக் கூடாது. பூசாரி தன் சுட்டுவிரலால் கல்லில் கோடு காட்டி, “இதுக்கு மேல இல்ல” என்று மகனுக்கும் சொன்னார்.

கிளம்பும் நேரத்தில் செவிலியர் பக்கத்துக் கொல்லையில் இன்னொரு கல் இருப்பதாக அழைத்துப் போனார். கிணற்று மேட்டில் பலகைக்கல் ஒன்று கவிழ்த்துப் போட்டிருந்தது. அதன்மேல் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மண்ணில் படிந்த ஓரத்தை ரேஷன் கடைக்காரர் விரலால் தடவினார். ஒரு மாட்டின் கொம்பு விரலுக்குத் தட்டியது. எல்லோரும் குனிந்தார்கள்.

அந்தப் பெண் துவைப்பதை நிறுத்தவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சோப்பு நுரைக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கல்லை எடுத்துக்கொள்ளுங்கள், தனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் வீட்டில் ஆறு பேர் துணி, எதில் துவைப்பது என்று கேட்டாள். நியாயமான கேள்வி. பட்டறைக்காரர் உடனே அளவு நாடாவை எடுத்துக் கல்லின் நீள அகலத்தை அளந்தார். அடுத்த ஞாயிறு வரும்போது மாற்றுக் கல் கொண்டுவந்து போட்டுவிட்டு, இதைப் புரட்டிப் பார்த்து வேடியப்பனுக்குப் பக்கத்தில் நிறுத்துவதாகப் பேச்சு. ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லியாகிவிட்டது.

வண்டிகள் கிளம்பிய பிறகும் அவள் பின்னாலேயே வரப்பு வரை வந்து சத்தம் போட்டுச் சொன்னாள்: “அண்ணே, கடப்பாக் கல்லு வாணாம்! வழுக்கும்! சொரசொரன்னு கீற கல்லாப் பாத்து எடுத்தாங்க!”